பழைய புல்லட்டின் கரிப் பிளக்கும் உட்காராத வால்வும்

பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்று சரியாக ஓடவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கழற்றப்படுவது, சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்தான். அது கறுத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்தோ, அடுப்புத் தீயில் காட்டியோ திரும்ப மாட்டிவிடுவார்கள். வண்டி சில நாட்கள் நன்றாக ஓடும், பிறகு பழையபடி திணறும். அடுத்த முறை புதுப் பிளக் வாங்கப்படும், அதற்கடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர் கழற்றப்படும், அதற்கும் அடுத்து, பொறிக்கான மின்சாரம் தரும் காயில் மாற்றப்படும். இத்தனை செலவுக்கும் நடுவில், அந்தப் பிளக் ஏன் கறுத்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் இருக்கும் 1980-களின் புல்லட் 350, இந்தச் சடங்குகளில் பாதியைப் பழைய உரிமையாளரிடமே முடித்துக்கொண்டுதான் என் கைக்கு வந்தது. வண்டியோடு சேர்த்து ஒரு டப்பா நிறையக் கரி படிந்த பிளக்குகளையும் அவர் கொடுத்தார்.

இந்த எஞ்சினைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்துத் தொழிற்சாலையோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாறுதல் இல்லாமல் தயாரான எஞ்சின் இது. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சுழன்று வால்வுகளை இயக்கும் கேம் கீழே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு அலுமினியப் புஷ் ராடுகள் மேலே சென்று ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. வால்வு முழுதாக மூடுவதற்காக இந்த வரிசையில் விடப்படும் டேப்பட் இடைவெளியை ராக்கர் மூடியைத் திறந்து சரிசெய்வதில்லை. சிலிண்டரின் அடிப்பகுதியில் வலப்பக்கம் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் புஷ் ராடுகளின் கீழ்முனை தெரியும், அங்கேயே திருகிச் சரிசெய்யலாம். சாலையோரத்தில் நிறுத்தி இரண்டு ஸ்பேனர்களோடு வால்வின் நிலையைச் சோதித்துவிடலாம் என்பது இந்த அமைப்பின் பெரிய வசதி. அப்படியிருந்தும் அந்த மூடியை விட்டுவிட்டுப் பிளக்கையே எல்லோரும் கழற்றிக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

பிளக் கெடுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? பிளக்கின் நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானின் மூக்குப்பகுதி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த வெப்பத்துக்குக் கீழேயே அது நெடுநேரம் இருந்தால் கரி படிந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். படிவு ஓரளவுக்கு மேல் போனதும், காயிலிலிருந்து வரும் உயரழுத்த மின்சாரம் இடைவெளியைத் தாவாமல் பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே எஞ்சின் உடம்புக்குக் கசிந்துவிடும். பொறி பலவீனமாகும் அல்லது வராமலே போகும், கலவை எரியாது, எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும், நனைந்த பிளக் மேலும் மோசமாகப் பொறி விடும்.

ஆகவே கறுப்பு என்ற ஒரே நிறத்துக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. விரலால் தொட்டால் உதிரும் உலர்ந்த புகைக்கரியாக இருந்தால், பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் சரியாகத் திரும்பவில்லை, அல்லது பொறி பலவீனம். பளபளப்பாக, பிசுபிசுப்பாக, துடைத்தால் துணியில் எண்ணெய்க் கறை விட்டால் பிஸ்டன் ரிங் வழியாகவோ, வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடு வழியாகவோ ஆயில் உள்ளே வருகிறது. வெறும் பெட்ரோல் ஈரமும் அதன் வாடையும் மட்டும் இருந்தால் பலமுறை கிக் அடித்தும் எரியவில்லை என்று பொருள். அதற்குப் பொறி காரணமாக இருக்கலாம், கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அடைத்து அழுத்தும் அழுத்தம், இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துக் கிக் அடித்து, நீலப் பொறி தெரிந்ததும் ‘கரண்ட் நல்லா வருது’ என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த காற்றில் பொறி தாவுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாவ அதிக மின்னழுத்தம் தேவைப்படும். வெளியே அழகாகப் பொறி விடும் பிளக் உள்ளே ஊமையாகிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். இந்தச் சோதனை பொறி அறவே இல்லை என்பதைக் காட்டும்; பொறி போதுமானது என்பதை ஒருபோதும் காட்டாது.

பிளக்கின் நிறத்தைப் படிப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். வாசலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்ட எஞ்சினின் பிளக், அந்த எஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். முறைப்படி செய்வதென்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு காலியான சாலையில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி திருகி, அதாவது அரைத் திராட்டிலில், சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து, இக்னிஷனை அணைத்து, உருட்டி ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். அப்போது தெரியும் நிறம்தான் ஓட்டத்தின் நிறம். மூக்கு வெளிர்பழுப்பாக இருந்தால் கவலையில்லை. சுண்ணாம்பு வெள்ளையாகவோ கொப்புளம் கிளம்பியோ இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம்.

பிளக் எவ்வளவு சூட்டைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண்ணும் இதில் சேரும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ‘புல்லட் பிளக்’ என்று கேட்டால் மரை பொருந்துகிற ஏதோ ஒன்று கிடைத்துவிடும். ஆனால் மரை பொருந்துவது வேறு, வெப்ப எண் பொருந்துவது வேறு. போதாக்குறைக்கு, என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக்குகளில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை. இன்றைய பாஷ் எண்களில் அதற்கு நேர்மாறு. ஆயில் ஏறும் எஞ்சினுக்குச் சூடான வகைப் பிளக்கைப் போட்டால் கரி படிவது குறையும் என்பது உண்மைதான், பல பட்டறைகளில் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயில் ஏறுவது நிற்கவில்லை. அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயைத்தான் அடைத்திருக்கிறோம். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தப் பிளக்கே அளவுக்கு மீறிச் சூடாகி, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைக்கும் ஆபத்தும் உண்டு.

என் வண்டியின் டப்பாவில் இருந்த பிளக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன: உலர்ந்த கரியின் மேல் ஒரு பக்கம் மட்டும் ஆயில் பிசுக்கு. நிறத்தைவிட எனக்கு அதிகம் உதவியது கோளாறு வரும் நேரம். நோயாளியிடம் மருத்துவர் ‘எப்போது வலிக்கிறது’ என்று கேட்பதைப் போல எஞ்சினிடமும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். சோக் போட்டுக் கிக் மேல் கிக் அடித்த பிறகு உயிர் வரும். வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும், அந்த நிலையில் கிக்கரை மிதித்தால் கால் வெறுமனே கீழே போகும். பத்து, பதினைந்து நிமிடம் எப்படியோ ஓட்டிவிட்டால் அதன் பிறகு அன்று முழுவதும் குறை சொல்ல முடியாதபடி ஓடும்.

இந்த வரிசையே பல சந்தேகங்களை நீக்கிவிடுகிறது. பொறி அமைப்பில் உள்ள கண்டன்சர் வலுவிழந்தால் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் காலை வாரும்; என் வண்டியில் நடந்தது அதற்கு எதிர்மாறு. இருந்தாலும், பொறிக்காகக் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகளான பாயிண்டைத் திறந்து பார்த்தேன். கண்டன்சர் கெட்டிருந்தால் பாயிண்டின் முகங்கள் பொறிபட்டுக் கருகிக் குழி விழுந்திருக்கும். அவை சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன, இடைவெளியும் 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டன்சரோ காயிலோ எவ்வளவு கெட்டாலும் கிக்கரின் கனத்தை மாற்றாது. கால் வெறுமனே கீழே போகிறது என்றால் அடைத்துவைக்க வேண்டிய காற்று எங்கோ தப்பிக்கிறது.

கம்ப்ரஷன் கேஜ் இல்லாமலேயே இதை ஓரளவு அளக்கலாம். இக்னிஷனை அணைத்து, கிக் அடிக்க எளிதாகும்படி அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்பிரசரைத் தொடாமல், கிக்கரில் எதிர்ப்பு வரும் இடம்வரை மெல்ல இறக்கி, அங்கே உடல் எடையை வைத்து நிற்க வேண்டும். நல்ல எஞ்சின் சில நொடிகள் ஆளைத் தாங்கி நிறுத்தி, பிறகுதான் மெதுவாக இறங்கும். என் வண்டி காலையில் தாங்கவே இல்லை, மாலையில் ஓரளவு தாங்கியது. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு, நாலைந்து முறை கிக்கரை இறக்கி அதைச் சுற்றிலும் பரவச் செய்து, மறுபடி நின்று பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்துக் கம்ப்ரஷனைச் சட்டென்று கூட்டியிருக்கும். எந்த மாறுதலும் இல்லை. எனவே காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே போகவில்லை, ஹெட்டின் வழியாகத்தான் போகிறது. கலவை உள்ளே வரும் இன்லெட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகளோடு டிகம்பிரசர் வால்வும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதைப் புல்லட்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அதன் கேபிள் இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தாலே போதும், நாள் முழுவதும் கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருக்கும். என் வண்டியில் கேபிளுக்கு வேண்டிய தளர்வு இருந்தது.

அடுத்தது புஷ் ராட். பிஸ்டன் மேலேறி இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சிக்கு எஞ்சினைக் கொண்டுவர வேண்டும். புல்லட்டில் பாயிண்ட் கேம், கேம்ஷாஃப்டின் வேகத்தில் சுற்றுவதால், எக்ஸாஸ்ட் உச்சியில் பாயிண்ட் திறப்பதில்லை. இக்னிஷனைப் போட்டு, டிகம்பிரசரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல நகர்த்தும்போது ஹெட்லைட் மூடியில் உள்ள அம்மீட்டர் முள் எந்த இடத்தில் நடுவுக்குத் திரும்புகிறதோ, அங்கே பாயிண்ட் திறந்துவிட்டது, கம்ப்ரஷன் உச்சி மிக அருகில் இருக்கிறது. அந்த நிலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கையில், புஷ் ராடை விரல்களால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இதுதான் இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவு. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜுக்கு வேலையே இல்லை. இன்லெட் புஷ் ராட் சுழன்றது. எக்ஸாஸ்ட் புஷ் ராட் அசையவே இல்லை. மூடியிருக்க வேண்டிய வால்வை அது முட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலை நேரத்துப் பிடிவாதத்துக்கு இதுவே விளக்கமாக அமைந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் முதலில் சூடாவது எக்ஸாஸ்ட் வால்வு. அதன் தண்டு உடனே நீள்கிறது. கனமான வார்ப்பிரும்புச் சிலிண்டரும் ஹெட்டும் சூடாக நேரம் பிடிக்கிறது. அந்த முதல் சில நிமிடங்களில், ஏற்கெனவே இல்லாத இடைவெளி இன்னும் குறைந்து வால்வு, தான் உட்காரும் வளையமான சீட்டை விட்டு எழுந்துநிற்கிறது. பிறகு சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து உயர, ராக்கர் மேலே போய், வால்வு உட்கார இடம் கிடைக்கிறது. அதற்குள் சோக்கிலேயே நெடுநேரம் ஓடியதால் பிளக்கில் கரி படிந்துவிடுகிறது. கார்ப்பரேட்டரைக் குற்றம் சொல்லவைத்த அந்த உலர்ந்த கரியின் மூலம் கார்ப்பரேட்டரில் இல்லை.

டேப்பட் இடைவெளி குறைவது எப்படி என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ராக்கர், டேப்பட், கேம் ஆகியவை தேய்ந்தால் இடைவெளி கூடும், ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். வால்வின் முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலும் ஏறி உட்காரும், அதன் தண்டு உயரும், இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். எல்லோரும் அஞ்சுகிற சத்தம் பெரும்பாலும் ஆபத்தில்லாத தேய்மானத்திலிருந்து வருகிறது; வால்வை எரித்துவிடக்கூடிய தேய்மானமோ ஓசையே இல்லாமல் நடக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. உட்காரவில்லையென்றால் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை, அத்துடன் எரியும் வாயுவும் அந்த இடுக்கு வழியாகச் சீறிப்போய் விளிம்பை அரிக்கிறது. ‘எஞ்சின் தையல் மெஷின் மாதிரி அமைதியா இருக்கு’ என்று விற்பனைக்கு வரும் பழைய புல்லட்டைப் பார்த்தால் நான் முதலில் அந்த வலப்பக்க மூடியைத்தான் திறந்து பார்ப்பேன். விற்பதற்காகவே டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்கும் வழக்கம் உண்டு.

சீட் தேய்மானம் என்றதும் ஈயமில்லாப் பெட்ரோலைக் குறை சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டறிந்த டெட்ராஎத்தில் லெட் சேர்த்த பெட்ரோலில், எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு வால்வு சீட்டில் ஒட்டி, உலோகமும் உலோகமும் பற்றிக்கொள்ளாமல் காத்தது உண்மை. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி முதல் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறிவிட்டோம். ஆனால் ஈயம் இல்லாததால் வரும் சீட் தேய்மானம், நெடுநேரம் அதிக வேகத்திலும் அதிகப் பளுவிலும் ஓடும் எஞ்சின்களைத்தான் கடுமையாகத் தாக்கும். நகரத்துக்குள் 50 கி.மீ. வேகத்தில் ஊரும் புல்லட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, ஈயம் பிளக்குக்கு நண்பனாக இருந்ததும் இல்லை. அதன் படிவு பிளக்கிலும் வால்விலும் சேராமல் ஆவியாகி வெளியேற வேண்டும் என்பதற்காகவே எத்திலீன் டைபுரோமைடு என்ற இன்னொரு பொருளையும் அதோடு கலக்க வேண்டியிருந்தது.

புஷ் ராடைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்ததும் காலை ஸ்டார்டிங் பாதி சரியானது. பாதிதான். உட்காராமல் ஓடிய வால்வின் முகம் ஏற்கெனவே கெட்டிருக்கும் என்பதால் காற்றழுத்தச் சோதனை செய்தேன். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, மிச்சமிருக்கும் இரும்பு மரைக்குள் டயர் டியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்தால் போதும், அதற்குத் தேவையான கருவி தயார். அதைப் பிளக் துளையில் மாட்டி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை இறுகக் கட்டிவிட்டு, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து காற்றை விட வேண்டும். பிறகு காதுதான் கருவி. கார்ப்பரேட்டர் வாயில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சர் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரிங் பக்கம் எந்த எஞ்சினிலும் லேசான மூச்சு இருக்கவே செய்யும். என் வண்டியில் சைலன்சர்தான் சீறியது. ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும்.

இதற்கிடையில் அந்த ஒரு பக்க ஆயில் பிசுக்கு பாக்கி இருந்தது. அதற்கான சோதனையைக் கத்திப்பாரா மேம்பாலத்தில் செய்தேன். பின்னால் ஒரு நண்பர் தன் வண்டியில் வர, நான் இறக்கத்தில் திராட்டிலை முழுவதும் மூடி கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் திறந்தேன். திராட்டில் மூடியிருக்கும்போது இன்லெட் பாதையில் வெற்றிடம் மிகும்; தேய்ந்த இன்லெட் கைடு வழியாக அது ஆயிலை உறிஞ்சும்; திராட்டிலைத் திறந்ததும் சேர்ந்திருந்த ஆயில் எரிந்து நீலப் புகையாக வெளிவரும். அப்படியே வந்தது என்றார் நண்பர். ஏற்றத்தில் முறுக்கும்போது தொடர்ந்து நீலம் வந்திருந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம், அது வரவில்லை. பல வாரம் நிறுத்திவைத்த புல்லட் ஸ்டார்ட் ஆனதும் ஊரையே மறைக்கும் புகை விடுவது வேறு விஷயம். தொட்டியிலிருந்து பம்ப் வழியாகக் கசிந்த ஆயில் ஃப்ளைவீல் அறையில் தேங்கி, ஸ்டார்ட் ஆனதும் எரிவதால் வருவது அது. சில நிமிடத்தில் தானே தெளிந்துவிடும், அதற்காக யாரும் சிலிண்டரைக் குடைந்து போர் போட வேண்டியதில்லை.

ஹெட்டை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு லேத் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் எக்ஸாஸ்ட் சீட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குச் சீட் கட்டிங் வேணாம் தம்பி. பேஸ்ட் போட்டு உக்கார வச்சாலே போதும். வெட்ட வெட்ட வால்வு இன்னும் உள்ளதான் போகும்” என்றார்.

“இன்லெட் கைடு, அண்ணே?”

“அது மாத்தியே ஆவணும். கைடு மாத்துனா அந்தச் சீட்டை லேசாத் தொட்டுத்தான் விடணும், இல்லன்னா மையம் சேராது.”

வேலையைக் கூடுதலாக்கிப் பணம் பார்க்க வாய்ப்பிருந்தும் அவர் அதைச் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்யத் தோன்றுகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஓரிடத்தில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு இருந்தது, விளிம்பு இன்னும் உடையவில்லை. புது வால்வு வாங்கி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, முன்னும் பின்னுமாகச் சுழற்றி, அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி, சீட்டைச் சுற்றிலும் அறுபடாத ஒரு சாம்பல் வளையம் தெரியும்வரை தேய்த்தோம். அந்த வளையம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மிக அகன்றால் அழுத்தம் பரவிப்போய் கரித்துணுக்குகள் இடையில் சிக்கும், மிகக் குறுகினால் சூடு இறங்காது. பிறகு ஸ்பிரிங் மாட்டி, போர்ட் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். வால்வைச் சுற்றி ஈரம் கசியவில்லை. பேஸ்ட்டின் ஒரு துகள்கூட உள்ளே தங்கிவிடாதபடி ஹெட்டைக் கழுவுவதற்கே தேய்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது. அதில் சோம்பினால் புதுக் கைடு சில மாதங்களிலேயே பழைய கைடாகிவிடும்.

பூட்டிய பிறகு, தொழிற்சாலை சொன்ன வகைப் பிளக்கையே அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு மாட்டினேன். கார்ப்பரேட்டரில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. சில நாட்கள் ஓட்டிவிட்டு முன்பு சொன்ன முறைப்படி ஓட்டத்தில் அணைத்துக் கழற்றிப் பார்த்தபோது மூக்கு வெளிர்பழுப்பாக இருந்தது. ஹெட்டை இறுக்கிய பிறகு கேஸ்கட் அமுங்குவதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் டேப்பட் இடைவெளி மாறும், மறுபடி சரிசெய்ய வேண்டும், அதையும் செய்தேன். இப்போது மாதம் ஒரு காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வலப்பக்க மூடியைத் திறந்து எக்ஸாஸ்ட் புஷ் ராடைச் சுழற்றிப் பார்க்கிறேன். இதுவரை விரலுக்கு இணங்கிச் சுழல்கிறது. மறுபடியும் இறுகத் தொடங்கினால் சீட் இன்னும் உள்ளே போகிறது என்று பொருள். அப்போது பேஸ்ட் உதவாது, சீட் வளையத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.